மணி அடித்தால் டப்பா

காலை மணி அடித்ததும் அந்தக் கூடத்தில் இஸ்திரிப் பெட்டிகள் சூடாவதற்கு முன்பே டப்பா கிளம்பிவிடும். ஒரு காலத்தில் பிஸ்கட் இருந்த, மூடி மங்கிய பிளாஸ்டிக் டப்பா. சூப்பர்வைசர் அம்மாள் அதை இடுப்பில் அணைத்துக்கொண்டு மேசை மேசையாக வருவாள். உள்ளங்கைகள் நீளும். ஒவ்வொன்றிலும் ஒரு வலி மாத்திரை விழும். டீயோடு அதை விழுங்கிவிட்டுத்தான் எல்லோரும் வேலையில் குனிவார்கள். அவளுக்கு டப்பாக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது.

தைத்து வரும் சட்டைகளில் ஒட்டிய எண்ணெயையும் மையையும் மருந்து அடித்து எடுத்து, இஸ்திரி போட்டு, மடித்து அனுப்பும் இடம் அது. அந்தக் கறை மருந்தின் நெடி மூக்கில் ஏறினால் நெற்றிக்குள் ஆணி இறங்குவது போலிருக்கும். வெள்ளைத் துணியில் தூசி படியக் கூடாதென்று சன்னல்களை டேப் ஒட்டி அடைத்திருந்தார்கள். நெடியை வெளியே தள்ள வேண்டிய சுவர் ஃபேன் எப்போதோ நின்றுபோய், இறக்கைகளில் பிசுக்கேறி, பல்லிகளுக்கு வீடாகிவிட்டது.

அந்த ஃபேனைச் சரிசெய்யச் சொல்லித்தான் டப்பாக்கா முதன்முதலில் மேனேஜரிடம் போனாள். "சொல்றேம்மா. இப்போதைக்கு இதைப் போட்டுக்கோங்க" என்று அவர் ஓர் அட்டை மாத்திரையை நீட்டினார். அந்த 'இப்போதைக்கு' முடியவே இல்லை. மாத்திரை தவறாமல் வந்தது. கேட்டது ஃபேன் என்பது அவளுக்கே மறந்துபோயிற்று. முதலில் தலை வலித்தவர்கள்தான் போட்டார்கள். பிறகு, எப்படியும் வலிக்கத்தானே போகிறது என்று எல்லோரும் முன்கூட்டியே போட்டார்கள். வெறும் வயிற்றில்.

"எனக்கு ரெண்டாப் போடுக்கா. நேத்து போட்டது தலைக்கு ஏறவே இல்ல, கழுத்தோட நின்னுடுச்சு" என்றாள் கறை மேசையில் இருந்த ஊசி. அத்தனை ஒல்லி என்பதால் அந்தப் பெயர்.

"உனக்கு எதுக்குடி ரெண்டு? உன் தலையே மாத்திரை சைஸுதான்" என்றார் இஸ்திரிக்காரர்.

கூடம் சிரித்தது. டப்பாக்காவும் சிரித்துக்கொண்டே இரண்டு போட்டாள். கேட்டவருக்கு இல்லையென்று சொல்லாதவள் என்பதில் அவளுக்குப் பெருமை. தன் பிரிவில் யாரும் லீவு போடுவதில்லை என்பதில் அதைவிடப் பெருமை.

மதியச் சாப்பாட்டுக்கு முன் ஊசியைக் காணவில்லை. டப்பாக்கா தேடிப் போனபோது அவள் கை கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். தொட்டியில் காபித்தூள் ஊறியது போல் கறுப்பாக எதுவோ கிடந்தது. புளித்த நாற்றத்தோடு ரத்த வாடை கலந்து வீசியது.

"என்னடி இது?"

"ரெண்டு நாளாவே வயிறு சரியில்லக்கா. வெளிய போனாலும் தார் மாதிரி கறுப்பாத்தான் போகுது." ஊசி புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, அதே கையை நீட்டினாள். "ஒண்ணு குடுக்கா. தலை பிளக்குது. இந்தத் துணிக்கட்டை முடிச்சுட்டுப் போய்ப் படுத்துக்கறேன்."

வாந்தி ஒட்டிய அந்தக் கை நீண்டபடி நின்றது. அதைப் பார்த்தபடியே டப்பாக்காவின் விரல்கள் பழக்க தோஷத்தில் டப்பாவுக்குள் போயின. அடியில் உடைந்த மாத்திரைத் தூள், ஒரு சட்டைப் பொத்தான், சுருண்ட தலைமுடி. இதைத்தான் இத்தனை பேர் வாயிலும் போட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். நகக்கண்ணில் வெள்ளைத் தூள் அப்பியிருந்தது. ஊசி அப்படியே அவள் மேல் சரிந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஊசிக்கு ரத்தம் ஏற்றினார்கள். டாக்டரம்மா வெளியே வந்து கேட்டார்.

"வலி மாத்திரை எத்தனை நாளாப் போடறாங்க?"

"தினமும்தான் மேடம். கடையில கிடைக்கிற சாதாரண மாத்திரைதான்."

"அந்தச் சாதாரண மாத்திரைதான் வயித்தைப் புண்ணாக்கி வெச்சிருக்கு. அதுலேர்ந்துதான் ரத்தம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா உயிரே போயிருக்கும். யார் குடுத்தாங்க?"

டப்பாக்காவின் விரல்கள் நெற்றிப் பொட்டை அழுத்திக்கொண்டிருந்தன. டாக்டர் அதைக் கவனித்தார்.

"உங்களுக்கும் வலியா?"

"எந்திரிக்கும்போதே வலிதான் மேடம். அங்க நெடி அப்படி."

"லீவு நாள்ல?"

"அன்னிக்கும்தான். பக்கத்துக் கடையில வாங்கிப் போட்டுக்குவேன்."

"வீட்டுல ஏது நெடி?"

டப்பாக்கா நெற்றியிலிருந்து கையை எடுத்தாள்.

"முதல்ல நெடியால வலி வந்திருக்கும். இப்ப மாத்திரையாலயே வருது. மாசத்துல பாதி நாள் இப்படி முழுங்கினா அதுதான் கதி. மாத்திரையோட வேகம் இறங்க இறங்க வலி ஏறும். நீங்க அடுத்ததைப் போடுவீங்க. நிறுத்தினா கொஞ்ச நாள் இன்னும் மோசமாத்தான் இருக்கும், அப்புறம் விட்டுடும். நான் பாத்துக்கறேன். கூட வேலை செய்யறவங்களையும் கூட்டிட்டு வாங்க."

ஆஸ்பத்திரிக் குழாயடியில் டப்பாக்கா நகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். தூள் போனது. கையைப் பார்க்கத்தான் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை மேனேஜர் புதுக் கட்டு மாத்திரையோடு வந்தார்.

"ஊசி பொழைச்சுக்கிட்டாளாமே, நல்லது. சரி, சாயங்காலம் சரக்கெடுக்க லாரி வருது. இன்னிக்கு எல்லாருக்கும் ரெண்டாக் குடுத்துடுங்க."

"சார், அந்த ஃபேன்..."

"எந்த ஃபேன்?" அவருக்கு உண்மையாகவே நினைவில்லை. டப்பாக்கா சுவரைக் காட்டியதும் சிரித்தார். "ஓ, அதுவா. உங்களை மாதிரி ஒருத்தங்க இருக்கும்போது ஃபேன் எதுக்குன்னு நான் முதலாளிகிட்டயே சொல்லியிருக்கேன். பெருமையாத்தான் சொன்னேன்."

மணி அடித்தது. மேசைதோறும் கைகள் தாமாக நீண்டன. ஊசியின் இடம் காலியாக இருக்க, அதன் இரு பக்கமும் உள்ளங்கைகள் காத்திருந்தன. டப்பாக்காவுக்கு மேனேஜரைப் பார்த்தால் அருவருப்பு. அவர் பாராட்டுக்காக இத்தனை காலம் டப்பா தூக்கிய தன்னை நினைத்தால் அதைவிட அருவருப்பு. நேற்றிலிருந்து மாத்திரை போடாததால் மண்டைக்குள் யாரோ இடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் நேரே போய்க் கறைத்துணி போடும் குப்பை வாளியில் டப்பாவைக் கவிழ்த்தாள். பிறகு சன்னல் டேப்பைப் பிடித்து இழுத்தாள்.

"என்னம்மா பண்றீங்க? துணியில தூசி படியும்."

"படியட்டும் சார். துணியைத் துவைச்சுக்கலாம். வயித்தைத் துவைக்க முடியாது."

"எனக்கு இப்பவே வலிக்குதேக்கா" என்றார் இஸ்திரிக்காரர், கையை இன்னும் மடக்காமல்.

"எனக்கும்தான் வலிக்குது. என்னைக்கோ ஒரு நாள் தலை வலிச்சா ஒரு மாத்திரை போடலாம். தினமும் வலிச்சா டாக்டர்கிட்ட போகணும், எதனால வலிக்குதுன்னு பாக்கணும். நாம பாக்கல. முழுங்கிட்டுக் குனிஞ்சோம். கடைசியில மாத்திரையே நோயாச்சு. வலிக்குதுன்னு இவர்கிட்ட வாயைத் திறந்து சொல்லாம இருக்கத்தான் நம்ம வாயில அதைப் போட்டுக்கிட்டிருந்தோம். போட்டவளும் நான்தான்."

இஸ்திரிக்காரர் நீட்டிய கையைப் பார்த்தார். மெதுவாக அதை மடக்கி, பெட்டியின் ஸ்விட்சை அணைத்தார். அடுத்த மேசையிலும் அணைந்தது.

"ஃபேன் ஓடட்டும் சார்" என்றாள் டப்பாக்கா. "அப்புறம் வேலை செய்யறோம்."