அறாத அனுபவம்

"அந்த வருசம் நெலத்துல நான்தான் வெதைச்சேன். எனக்காகத்தான் வெதைச்சேன்."

மூக்காண்டி கூண்டில் நின்று இந்தப் பொய்யைச் சொன்னபோது அவருடைய மீசைகூடத் துடிக்கவில்லை. சங்கரன்கோவில் கோர்ட்டின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஆறுமுகத்தாய் கேட்டுக்கொண்டிருந்தாள். செத்துப்போன அவள் கணவன் செல்வக்குமாருக்குக் கூடப்பிறந்த அண்ணன் இவர். குருவிகுளம் ரோட்டிலிருக்கும் கரிசல் நிலத்தை மாமனார் வாய்ப்பேச்சாகத்தான் செல்வக்குமாருக்குப் பிரித்துக் கொடுத்தார். வருசக்கணக்காக உழுதது இவர்கள்தான், பட்டா மட்டும் மூத்தவர் மூக்காண்டி பெயரிலேயே கிடந்தது. அண்ணன்தானே, கிடக்கட்டும் என்று இருந்துவிட்டார்கள். தம்பி போனதும் அந்தப் பட்டாவைக் காட்டி நிலமே தன்னுடையது என்கிறார் அண்ணன். அந்த நல்ல மனசுக்குத்தான் இப்போது கோர்ட் வாசலில் காவல் கிடக்கிறாள்.

மூக்காண்டியின் வக்கீல் நிர்மலாதேவி மூச்சுக்கு மூச்சு 'கன்டினியுவஸ்' என்றார். வெளியே வந்ததும் ஆறுமுகத்தாய் தன் வக்கீல் ஜாய்லினைப் பிடித்துக்கொண்டாள்.

"அதென்னம்மா, அந்தம்மா வாயில அந்த ஒரே வார்த்தை?"

"நடுவுல அறாம தொடர்ந்துன்னு அர்த்தம்க்கா. நெலம் ஒரு போகம்கூட உங்க அனுபவத்தை, உங்க கைவசத்தை விட்டுப் போயிருக்கக் கூடாது. ஒரு வருசம் அவரு தனக்குன்னு வெதைச்சாருன்னு ஆயிட்டா, அதுக்கு முன்னாடி நீங்க உழுததெல்லாம் செல்லாது."

"மழை விட்டு விட்டுப் பேஞ்சாலும் வாரம் பூரா மழைன்னுதான சொல்லுதோம்?"

"நாம சொல்லுவோம். கோர்ட்டு சொல்லாது. உங்களுக்காகத்தான் வெதைச்சேன்னு அவரு வாயாலயே வந்தாத்தான் நாம பிழைப்போம்."

இவர்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த துட்டி வீட்டார் வருசம் திரும்பும்வரை விதையைத் தொடக் கூடாது. தொட்டால் இன்னொரு சாவு விழும் என்று பயம். பங்காளி வந்து முதல் கை விதை போட வேண்டும், வேற்றாள் போட்டால் செல்லாது. செல்வக்குமார் இறந்த வருசம் மூக்காண்டி அப்படித்தான் வந்தார். தம்பியை நினைத்து அழுதுகொண்டே விதைத்தார். விளைந்த மக்காச்சோளத்தை மூட்டை மூட்டையாக அவள் வீட்டிலேயே இறக்கினார். அந்த அழுகையைத்தான் இப்போது கூண்டில் ஏற்றிவிட்டார், மகராசன்.

அடுத்த வாய்தா வருவதற்குள் மூக்காண்டியின் மனைவி பொன்மணி மாரடைப்பில் போய்ச் சேர்ந்தாள். ஆறுமுகத்தாய் துட்டிக்குப் போனாள். பொன்மணிக்காக வாய்விட்டு அழுதாள். மூக்காண்டியை ஏறிட்டும் பார்க்கவில்லை. காரியம் முடிந்த கையோடு மழை இறங்கியது. சுற்றிலும் எல்லோரும் விதைக்க, மூக்காண்டியின் சொந்தப் பங்கு நிலம் மட்டும் ஈரத்தோடு சும்மா கிடந்தது. மகன் சுடலைமணியின் மனைவி நிறைமாதமாக இருந்தாள். விதையைத் தொட அவருக்கு எப்படிக் கை வரும்? இருந்த ஒரே பங்காளி வீடு ஆறுமுகத்தாயின் வீடுதான்.

ஒருநாள் காலையில், ஊரில் வாடகைக்கு உழும் எஸ்ராவின் டிராக்டர் அந்த நிலத்தின் வரப்பில் வந்து நின்றது. ஆறுமுகத்தாய் மடியில் விதையோடு இறங்கினாள். மூக்காண்டி விழுந்தடித்து ஓடி வந்தார். பக்கத்து நிலத்துக்காரர்கள் வேலையைப் போட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"ஏட்டி, யாரைக் கேட்டு எறங்குத?"

"துட்டி வீட்டுக்கு வெதைக்க யாரை அத்தான் கேக்கணும்? என்ன பயம்? நான் வெதைச்சா இந்த நெலம் எனக்குன்னு ஆயிருமோ?"

அவர் பக்கத்து நிலத்துக்காரர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும். ஆகுமா, ஆகாதா?"

"ஆகாது." பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "துட்டிக்கு வெதைச்சா எப்பிடிச் சொந்தமாகும்?"

"இதையே வியாழக்கெழமை வாய்தாவுல கூண்டுல ஏறிச் சொல்லுங்க. அதுக்கப்புறம் வெதை விழும்."

மடியை முடிந்துகொண்டு அவள் டிராக்டரில் ஏறிவிட்டாள். ஈரம் வியாழன் வரைக்கும் தாங்கும், அதற்குமேல் தாங்காது. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

வியாழக்கிழமை மூக்காண்டி தாடியோடு கூண்டில் ஏறினார். தம்பி வீட்டுக்காகத்தான் விதைத்தேன், முன்பு சொன்னது பொய் என்றார். நிர்மலாதேவி ஃபைலைப் பட்டென்று மூடினார். ஜாய்லின் ஆறுமுகத்தாயின் கையைப் பிடித்து அழுத்தி, "இனி பயமில்லக்கா, நெலம் உங்களுக்குத்தான்" என்று காதோடு சொன்னார்.

வெளியே மூக்காண்டி காத்து நின்றார்.

"சொல்லிட்டேன் தாயி. ஈரம் காயுது, வா. மருமக புள்ளத்தாச்சி."

இந்தக் கெஞ்சலைக் கேட்கத்தான் இத்தனை நாள் காத்திருந்தாள். கேட்டபோது இனிக்கவில்லை, ஆத்திரம்தான் கூடியது. இந்த ஒரு உண்மையை முதலிலேயே சொல்லியிருந்தால் என்ன, பாவி? சுடலைமணியின் மனைவி முகம் நினைவுக்கு வந்தது. அதையும் தள்ளிவிட்டு, அவர் முன்னாலேயே எஸ்ராவுக்குப் போன் போட்டாள்.

"அண்ணாச்சி, அவரு நெலத்துல வெதைச்சிருங்க."

"மொதல் கை போட நீ வரணும்லா?"

அவள் மூக்காண்டியின் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீங்களே போடுங்க. அந்த வீட்டுக்குப் பங்காளின்னு யாரும் இல்ல."