கீழ்வரிசை எலிகள்

...போன வாரம் ஐந்தாம் கூண்டு எலிக்கு வந்ததுபோலவே நேற்று மூன்றாம் கூண்டு எலிக்கும் வாய் கோணியது, மீசை படபடவென்று அடித்தது, முன்னங்கால்கள் எதையோ தட்டிவிடுவதுபோல் வெட்டி வெட்டி இழுத்தன, ஒரு நிமிஷம்கூட இருக்காது, அப்புறம் எழுந்து ஒன்றுமே நடக்காததுபோல் தீவனத்தைக் கொறித்தது... அவளும் ஒன்றுமே நடக்காததுபோல் நோட்டில் 'நலம்' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். ஏன் போட்டாள்? யார் போடச் சொன்னது? ராஜபாளையத்தில் மதுரை பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததிலிருந்து நாகஜோதிக்கு இதே யோசனை. ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி இருக்கும் ஆராய்ச்சி நிலையத்தில் எலி அறையைப் பார்த்துக்கொள்கிற வேலை அவளுக்கு, மில்லில் எட்டு வருஷம் பஞ்சுத்தூசி தின்றதற்கு இது எவ்வளவோ மேல், மேடமும் தங்கமான பெண். கேத்ரின் மேடம் இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்குத் தன் கட்டுரையை ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்பப்போகிறாள். மூன்று வருஷப் பாடு. பருத்திக்கு அடிக்கிற பூச்சிமருந்து துளியளவு உள்ளே போனாலே மூளை கெட்டு வலிப்பு வருகிறது என்று அதில் எழுதியிருக்கிறாளாம். மேல்வரிசை எலிகளுக்கு அந்த மருந்தும் சிவப்புச் சாயமும், கீழ்வரிசைக்கு வெறும் சாயம், ஒப்பிட்டுப் பார்க்க. மேல்வரிசைக்குக் கேமரா உண்டு. கீழ்வரிசைக்கு நாகஜோதியின் கண்ணும் நோட்டும்தான்.

அந்தச் சாயம் வால் நரம்பில் ஏறியதும் எலியின் காதும் பாதமும் ரோஸ் நிறமாகிவிடும், மூத்திரம்கூட ரோஸ்தான், கூண்டில் போட்ட உமியெல்லாம் நிறம் மாறிக் கிடக்கும்... மண்டை ஓட்டில் சின்னதாக ஜன்னல் வெட்டி, கண்ணாடி ஒட்டி, மயக்கத்தில் இருக்கிற எலியை மெஷினுக்கு அடியில் கிடத்துவார்கள். ஒருநாள் மேடமே கூப்பிட்டுக் காட்டினாள், கறுப்புத் திரையில் சாயம் பிடித்த மூளைச் செல்கள், கிளைகிளையாகச் செக்கச்செவேலென்று நட்சத்திரங்கள் மாதிரி. "இது யோசிக்கிற செல் இல்லக்கா. யோசிக்கிற செல்லுக்குச் சோறு போட்டு, அது போடுற குப்பைய அள்ளி, கூடவே நிக்கிற செல்லு. உயிரோட இருக்கும்போது பாத்தாத்தான் அதுக வேலை செய்யறது தெரியும்." "அப்ப நம்மள மாதிரின்னு சொல்லுங்க" என்றாள் இவள், இரண்டு பேரும் சிரித்தார்கள். வெறும் சாயம் ஏறிய எலிக்கே வலிப்பு வந்தால் பூச்சிமருந்தின் மேல் எப்படிப் பழி போடுவது, மூன்று வருஷமும் வீண்தானே... ஆனால் அது வலிப்புதானா? குளிரில் நடுங்கியிருக்கலாமே? சும்மா இரு ஜோதி, உனக்குத் தெரியாதா, இருபது வருஷமாகப் பார்த்த வாய் அது.

தம்பி விஜயபாண்டிக்கு எட்டு வயதில் ஆரம்பித்தது. பாடிக்கொண்டே இருப்பான், பாட்டு நின்றுவிடும், கண் ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும், வாய் ஒரு பக்கமாக இழுக்கும், அப்புறம்தான் விழுவான். விழுவதற்குள் தாங்கிப் பிடிக்க இவளுக்குத்தான் தெரியும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, எச்சிலைத் துடைத்து, சட்டையை மாற்றி, யாராவது வந்து எட்டிப் பார்ப்பதற்குள் பாயைச் சுருட்டி... தெருவில் கேட்டால் வெயில் மயக்கம் என்று அம்மா சொல்வாள், இவளும் அதையே சொல்வாள். இப்போது அவனுக்கு இருபத்தெட்டு, சேத்தூரில் உரக்கடையில் வேலை, மாத்திரையில் காலம் ஓடுகிறது, விழுந்து ஒரு வருஷம் ஆகிறது. காலையில் பஸ் ஏறும்போது அம்மா போன் செய்தாள். "ஏட்டி ஜோதி, ஞாயித்துக்கெழம மகாராஜபுரத்துப் பொண்ணு வீட்டுக்காரவுக வாராக. தம்பியப் பத்திக் கேட்டா நல்லாருக்கான்னு மட்டும் சொல்லு, என்ன?" "சரிம்மா" என்றாள். சரி என்று சொல்ல யோசிக்கவே இல்லையே... நேற்று டிக் போடவும் யோசிக்கவில்லை. ரோஸ் நிறமான உமியைக் கொட்டிப் புது உமி போட்டு, கூண்டைத் துடைத்துப் பளிச்சென்று வைத்துவிட்டுத்தான் பேனாவையே எடுத்தாள். அட பாவி, எலிக்கும் பாயைச் சுருட்டினாயா? ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தெரிந்தது, பஸ்ஸில் பாதிப் பேர் இறங்கிப் போனார்கள், அடுத்த நிறுத்தம் அவளுடையது.

கேத்ரின் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள், பக்கத்தில் டீ ஆடை கட்டிக் கிடந்தது. "வாங்க ஜோதிக்கா, உங்க நோட்டத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். கீழ்வரிசை எல்லாம் நல்லாத்தான இருக்கு?" நல்லாருக்கு என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, இருபது வருஷம் பழகிய சொல், அதற்கு வழி காட்டவே வேண்டாம்... "இல்ல மேடம்" என்றாள். தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம். "மூணாம் கூண்டுக்கு வலிப்பு வந்துச்சு. போன வாரம் அஞ்சாவதுக்கும். வெறும் சாயந்தான் மேடம் ஏறுச்சு. நாந்தான் தப்பா டிக் போட்டுட்டேன்." கேத்ரின் திட்டவில்லை. அவள் முகத்தில் ரத்தம் வற்றிப்போனதைப் பார்க்க இவளுக்குத் தாங்கவில்லை, திட்டியிருந்தால்கூடத் தேவலை. நோட்டில் மூன்றாம் கூண்டின் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அது வலிப்புதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

"எந் தம்பிக்கு இருக்கு மேடம்."

சொல்லிவிட்டாள். வெளியாள் ஒருத்தியிடம், வாய்விட்டு, முதல் தடவையாக. கூரை இடிந்து விழவில்லை. கேத்ரின் அனுப்ப இருந்த கட்டுரையை மூடிவிட்டு ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். "உக்காருங்கக்கா. மொதல்ல என்ன ஆகும், அடுத்து என்ன ஆகும், ஒண்ணுவிடாமச் சொல்லுங்க." நாகஜோதி சொல்ல ஆரம்பித்தாள், முதலில் கண் குத்திட்டு நிற்கும், அப்புறம் வாய், அப்புறம்தான் கை... சொல்லும்போதே மகாராஜபுரத்துப் பெண்ணின் நினைப்பு வந்தது. ஜெயசித்ரா என்று பேர். போட்டோவில் பார்த்ததோடு சரி, அவளைப் பற்றி இதுவரை ஒரு நிமிஷம்கூட யோசித்ததில்லை. நாளைக்குத் தம்பியின் பாட்டு பாதியில் நின்றால், ஏதோ மறந்துவிட்டான் என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டு நிற்பாளே... "அப்புறம்?" என்றாள் கேத்ரின். "பொறவு விழுந்துருவான் மேடம். பக்கத்துல இருக்கிறவுகளுக்குத் தெரிஞ்சிருந்தாத்தான் பிடிக்க முடியும்" என்றாள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.