அவருக்கு மட்டும் கேக் இல்லை

பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதருக்கு அந்தக் கடையில் என்ன வேலை என்று யாராவது கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பார். நல்லவேளை, கேட்பதற்கு அவருக்கு யாரும் இல்லை.

பிரெஞ்சு பாணிக் கடை. கதவைத் திறந்தாலே குளிரும் வெண்ணெய் வாசனையும் முகத்தில் அடிக்கும். கேக்குகளை நகைக்கடை மாதிரி விளக்குப் போட்டு, ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கியிருப்பார்கள். பெயர்கள் எதுவும் அவர் வாயில் நுழையாது. மக்ரோன் என்பதை மட்டும் ஒருவழியாகக் கற்றுக்கொண்டிருந்தார். மற்றதெல்லாம் "அந்தப் பச்சை, பக்கத்துல அந்த ரோஸு" தான்.

அவர் வருவது கேக்குக்காக இல்லை. கல்லாவுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் சமையலறை. அங்கே தலையில் வெள்ளைத் துணி கட்டி, முதுகைக் காட்டி நின்று, தட்டில் வட்ட வட்டமாக மாவு பிழிகிறவள் அவருடைய ஒரே மகள்.

படித்த படிப்பை விட்டுவிட்டு இந்த வேலைக்குப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்று, "மாவு பிசையவா உன்னைப் படிக்க வச்சேன்? இனிமே என் மூஞ்சியில முழிக்காதே" என்று கத்தினார். அவருக்கு ரோஷம் மூக்குக்கு மேல். மகளோ அவரையும் மிஞ்சியவள். அப்பா சொன்னதை அட்சரம் பிசகாமல் காப்பாற்றி வருகிறாள். அம்மா இறந்தபோது வந்தாள், அழுதாள், அவர் பக்கம் திரும்பாமலே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வீடு அவரைக் கடித்துத் தின்ன வந்தது. இங்கே வர ஆரம்பித்தார். ஏதாவது வாங்கினால்தானே கல்லா அருகில் நிற்க முடியும்? வாங்கினார். "வீட்ல எல்லாருக்கும் புடிக்கும்" என்று கல்லாப் பெண்ணிடம் கூசாமல் புளுகினார். அந்த எல்லாரும் அவர் ஒருவரேதான். மகள் கைபட்டதை வீணாக்க மனசு வராமல், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒன்று விடாமல் தின்று தீர்ப்பார்.

இன்றும் விரலை நீட்டினார். கல்லாப் பெண் இடுக்கியை எடுக்கவில்லை.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு எதுவும் குடுக்கக் கூடாதுன்னு உள்ளேயிருந்து சொல்லிட்டாங்க."

அவர் முகம் செத்துப்போனது. பின்னால் நிற்பவர்கள் கேட்டிருப்பார்களோ என்று கூசியது. "யாரு சொன்னது?"

"அக்காதான்." அவள் கண்ணாடிப் பக்கம் கண்ணைக் காட்டினாள். "உங்களுக்குச் சுகர் இருக்காமே. மாத்திரை ஒழுங்காப் போடறாரான்னு கேக்கச் சொன்னாங்க."

மகள் தன்னைப் பார்த்ததே இல்லை என்றல்லவா நினைத்திருந்தார்! மனைவி போன பிறகு அவரிடம் இப்படி விசாரித்தவர் யாரும் கிடையாது.

"போடறேன்னு சொல்லும்மா" என்றார். திரும்பப் போனவர் அப்படியே நின்றார். எதுவும் வாங்காத ஆள் எந்த முகத்தை வைத்துக்கொண்டு இங்கே வந்து நிற்பது? "ஒண்ணும் வாங்காம... சும்மா வந்துட்டுப் போகலாமான்னு கேட்டுட்டு வாயேம்மா."

அவள் உள்ளே போய் மகளின் காதருகில் ஏதோ சொன்னாள். மகளின் கை அப்படியே நின்றது. பிழியும் பையிலிருந்த மாவு மட்டும் நிற்காமல் வழிந்து, ஒரு வட்டம் பக்கத்து வட்டத்தோடு சேர்ந்துகொண்டது. மகள் அதைச் சுரண்டி எடுத்தாள். அடுத்த வரிசையைத் தொடங்கினாள். திரும்பவில்லை.

கல்லாப் பெண் தயங்கியபடி வந்தாள். "ஒண்ணுமே சொல்லலை ஐயா."

"வர வேண்டாம்னு சொல்லலையே?"

"இல்லை."

"அது போதும்மா."

வெறுங்கையோடு படியிறங்கினார். வீட்டுக்குப் போகும் தெருவை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் மருந்துக்கடையைப் பார்த்து நடந்தார். மாத்திரை தீர்ந்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது.