பழைய பனியன் போட்டுட்டு வா

அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சிநேகிதர்களிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அப்படி யாரையும் தெரியாது என்பார்கள். ‘சொதப்பல்’ என்றால்தான் அவனே திரும்பிப் பார்ப்பான். சும்மா வந்த பெயரில்லை, உழைத்துச் சம்பாதித்த பெயர். ஒரு பிறந்த நாளுக்கு கேக் சொல்லும் பொறுப்பை அவனிடம் விட்டார்கள். பெட்டியைத் திறந்தால் கேக்கின் மேல் ரோஸ் கிரீமில், ‘வாழ்த்துகள் நடுவுல க் வேணுமா வேண்டாமா நீங்களே பாத்துப் போட்டுக்குங்க’ என்று முத்து முத்தான எழுத்தில் இருந்தது. போனில் அவன் சொன்னதைக் கடைக்காரர் ஒரு எழுத்து விடாமல் போட்டிருந்தார். இன்னொரு தடவை படகுச் சவாரிக்கு ஏற்பாடு செய்தான். போய்ப் பார்த்தால் ஏரியைத் தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். சேற்றில் உட்கார்ந்திருந்த படகில் ஏறி போட்டோ எடுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்கள்.

அப்பேர்ப்பட்டவனிடம்தான் மாப்பிள்ளை தன் பேச்சலர் பார்ட்டியை ஒப்படைத்தான். சின்ன வயசிலிருந்து ஒரே பெஞ்சு, விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. ஆனால் மாப்பிள்ளையின் அக்கா அப்படியெல்லாம் மனசு இளகுகிற ஆளில்லை. கல்யாண வேலை மொத்தமும் அவள் தலையில். சொதப்பலைக் கூப்பிட்டு உட்கார வைத்து, மேடையில் மாப்பிள்ளை பக்கத்தில் நின்று மோதிரத்தை எடுத்துக் கொடுக்க வேண்டியவன் அவன்தான் என்று தம்பி பிடிவாதம் பிடிப்பதைச் சொன்னாள். அவள் கண்ணெதிரில் அந்த மோதிரம் ஜன்னலுக்கு வெளியே உருண்டு ஓடுவது போலவே தெரிகிறதாம்.

“இந்தப் பார்ட்டிய ஒழுங்கா முடிச்சுக் காட்டு. மோதிரம் உன் கைக்கு வரும். ஏதாவது ஏடாகூடமாச்சு, எங்க சித்தப்பா பையன் நிப்பான் மேடையில. நீ கூட்டத்துல கடைசி வரிசை.”

சித்தப்பா பையன் எதையும் கீழே போட்டதில்லை. அவனைப் பற்றி யாரும் சொல்ல அது ஒன்றுதான் உண்டு.

சொதப்பலுக்கு அன்றைக்கு முழுவதும் சாப்பாடு இறங்கவில்லை. மலையேறலாம் என்றால் மாப்பிள்ளைக்கு உயரம் ஆகாது, கிடுகிடுவென்று கால் நடுங்கும். பாட்டும் ஆட்டமுமாக ஒரு ஹாலைப் பிடிக்கலாம் என்றால் சத்தத்தில் தலைவலி வரும். குடிப்பதும் கிடையாது. கடைசியில் பல் விளக்கும்போதுதான் அவனுக்கு யோசனை உதித்தது. வாயில் நுரையோடு மாப்பிள்ளைக்குப் போன் போட்டான். எதைச் செய்தாலும் தான் சொதப்பப்போவது உறுதி, அதனால் சொதப்பினாலும் தெரியாத இடமாகப் பார்க்க வேண்டும் என்றான். மண்பாண்டம் செய்யச் சொல்லித் தருகிற பட்டறை ஒன்று இருக்கிறது. முதல் நாள் போகிறவர்கள் எல்லோருடைய பானையும் அங்கே சாயத்தான் செய்யும். அவனுடையது மட்டும் தனியாகத் தெரியாது.

மாப்பிள்ளைக்குப் பிடித்துப்போயிற்று. நாள் பூராவும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு, கையை மண்ணில் விடலாம் என்றதுமே ஒரு குஷி.

இனிமேல்தான் விஷயமே. அவர்கள் கூட்டத்தில் ‘மாமா’ என்று ஒருவன் உண்டு. பள்ளிக்கூடத்திலேயே மீசை முளைத்தவன், அவனைப் பார்த்தால் வாத்தியார்கள்கூட ஒரு வினாடி எழுந்து நிற்கப் பார்ப்பார்கள். அன்றிலிருந்து மாமா. சொதப்பலின் போன் முந்தின வாரம்தான் துணியோடு துணியாக வாஷிங் மெஷினில் குளித்திருந்தது. நம்பர் எல்லாம் போச்சு. “மாமா நம்பர் அனுப்புடா” என்று மாப்பிள்ளையைக் கேட்டான். மாப்பிள்ளைக்கு அந்த நாட்களில் மாமா என்றால் ஒரே மாமாதான். பெண்ணின் அப்பா, பல் டாக்டர். அனுப்பிவிட்டான்.

சொதப்பலும் அந்த நம்பருக்கு நல்ல சத்தமாக ஒரு குரல் செய்தி பேசி அனுப்பினான்.

“டேய் மாமா, ஞாயித்துக்கிழமை காலைல பானை செய்யிற பட்டறைக்கு ஒழுங்கா வந்து சேரு, விலாசம் அனுப்பறேன். மாப்ள சுதந்திரமா இருக்கப்போற கடைசி ஞாயிறு. பொண்ணு வீட்டுக்கு மூச்சு விடாத, அந்தப் பல் டாக்டர் காதுல விழுந்துச்சு, நம்ம அத்தனை பேர் பல்லையும் கழட்டி கையில குடுத்துருவாரு. மண்ணு ஒட்டும், பழைய பனியன் போட்டுட்டு வா.”

பதிலாக ஒரு கட்டைவிரல் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, எந்தக் கலர் பனியன் என்று ஒரு கேள்வி வந்தது. கிழிந்தது எதுவானாலும் சரிடா என்று இவன் எழுதினான். மறுபடியும் கட்டைவிரல். மாமாவுக்கு என்ன இவ்வளவு அடக்கம் வந்துவிட்டது என்று அவன் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசித்திருந்தால் அவன் சொதப்பல் இல்லையே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறை அத்தனை லட்சணமாக இருந்தது. நீளமான அறை, ஜன்னலோரமாக வரிசையாகச் சக்கரங்கள், காலால் அமுக்கினால் கரண்டில் சுற்றும். பக்கத்தில் வாளி வாளியாகத் தண்ணீர். பலகைகளில் ஈரம் காயாத கிண்ணங்களும் கோப்பைகளும். சொல்லித் தருகிற அம்மா முழங்கை வரை மண்ணோடு, வந்தவர்களுக்கெல்லாம் ஏப்ரன் மாட்டிவிட்டாள். மாப்பிள்ளை தன் வண்டியிலேயே மீசைக்கார மாமாவையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். மண்ணைப் பிசையவா இவ்வளவு தூரம் வந்தோம், வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று மாமா வழி நெடுகப் புலம்பியிருக்கிறான். முதல் உருண்டை கைக்கு வந்ததும் அவன் புலம்பல் நின்றது. மாவு பிசைவது போல அதைக் குத்திக் குத்தி, கண்ணை மூடிக்கொண்டு ரசித்தான்.

சொதப்பல் சுற்றிப் பார்த்தான். விளக்கு எரிகிறது, தண்ணீர் இருக்கிறது, வந்த இடம் சரியான இடம். நெஞ்சு நிமிர்ந்தது. மோதிரப் பெட்டி ஏற்கெனவே சட்டைப் பையில் இருப்பது போல ஒரு பெருமிதம்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு பல் டாக்டர் உள்ளே வந்தார்.

மடிப்புக் கலையாத பேன்ட், பளபளக்கும் ஷூ, மேலே தோள்பட்டையில் கிழிந்த ஒரு பழைய பனியன். அதைத் துவைத்து, இஸ்திரி வேறு போட்டிருந்தார்.

“ஒழுங்கா வந்து சேரச் சொன்னீங்க” என்றார் சொதப்பலைப் பார்த்து. “வந்துட்டேன். பொண்ணு வீட்டுக்கு மூச்சு விடலை.”

 மாப்பிள்ளையின் முகம் அவன் கையிலிருந்த களிமண் நிறத்துக்கு மாறியது. அவனுக்கு அவரிடம் ஏற்கெனவே ஒரு பயம். கல்யாணம் பேசப் போன அன்றைக்கு, வாங்க என்பதற்கு முன்னால் அவர் சொன்ன முதல் வார்த்தையே, மேல்வரிசைக் கடைவாய்ப் பல்லில் ஒரு சொத்தை இருக்கிறது என்பதுதான். அதிலிருந்து அவர் எதிரில் மாப்பிள்ளை வாயைத் திறந்து சிரித்ததில்லை. உதட்டை ஒட்ட வைத்துக்கொண்டு, வயிற்றுவலிக்காரன் மாதிரி ஒரு சிரிப்பு சிரிப்பான். பையனுக்கு ஏதோ உள்ளுக்குள் சங்கடம் இருக்கிறது போல என்று அவரும் நினைத்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் எடுக்கிற சாக்கில் மாப்பிள்ளை சொதப்பலைக் குழாயடிக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

“எந்த மாமான்னு கேட்டியாடா நீ?”

“எந்த மாமான்னு நீ சொன்னியாடா?”

 அதற்குள் சொதப்பலின் போன் அடித்தது. அக்கா. பெண்ணின் அம்மா அவளிடம் அழாத குறையாகப் பேசியிருக்கிறாள். அவர் கிழிந்த பனியனோடு காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார், கேட்டால் மூச்சு விடக் கூடாது என்கிறார், மனுஷனுக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை என்று. அக்காவுக்கு ஒன்றும் ஒன்றும் இரண்டென்று கணக்குப் போட நேரமாகவில்லை. அவள் திட்டக்கூட இல்லை, அதுதான் பயங்கரம். சித்தப்பா பையனுக்குச் சொல்லிவிடுகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

சொதப்பல் திரும்பி வந்து சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தான். இனிமேல் என்ன ஆனால் என்ன. அமுக்கின அமுக்கில் அவன் மண் ஒரு தரம் தொப்பியானது, ஒரு தரம் தட்டானது, பிறகு உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கோணல் கிண்ணமாகச் சுருங்கி, அதற்கு மேல் வளர மாட்டேன் என்று நின்றுவிட்டது.

 சக்கரங்கள் உர்ரென்று சுற்றின. மாப்பிள்ளை பதற்றத்தில் காலை அழுத்தோ அழுத்தென்று அழுத்திக்கொண்டிருந்தான். சொல்லித் தருகிற அம்மா மெதுவா, மெதுவா என்று சொல்லச் சொல்ல, அவன் பானை சக்கரத்தை விட்டு எழும்பி, ஈரமும் வேகமுமாகக் காற்றில் கிளம்பியது. அவன் வாயில் பழக்க தோஷத்தில் வந்தது இதுதான்:

“டேய் மாமா, புடிடா!”

மீசைக்கார மாமா தலையைக் குனிந்துகொண்டான். பல் டாக்டர் பாய்ந்தார். இரண்டு கையாலும் அதை நெஞ்சோடு சேர்த்து, சொத்தென்று, அணைத்துப் பிடித்தார். பனியனில், கழுத்தில், மூக்குக்கண்ணாடியில், எங்கே பார்த்தாலும் சேறு.

 அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க ஒரு சுத்தமான இடம் பனியனில் தேடினார், கிடைக்கவில்லை. மாட்டிக்கொண்டார்.

“புடிச்சுட்டேன்டா, மாப்ள” என்றார்.

முதலில் வெடித்தது மீசைக்காரன்தான். அடுத்து சொல்லித் தருகிற அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. குலுங்கிக் குலுங்கி, கண்ணில் தண்ணீர் வர, வாயைப் பப்பரப்பே என்று திறந்து சிரித்தான். டாக்டர் கிட்டே போய் அவன் தாடையை மண் கையாலேயே தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார்.

“அந்தச் சொத்தைய இன்னும் அடைக்கலையா நீ?”

பிறகு பட்டறையில் நடந்ததைக் கொண்டாட்டம் என்று சொன்னால் குறைச்சல். யார் மாமா என்று கூப்பிட்டாலும் இரண்டு பேர் ‘என்னடா’ என்றார்கள். மீசைக்கார மாமா டாக்டரின் தோளில் கை போட்டு, உன் பானைக்குத் தொப்பை விழுந்துவிட்டது பார் என்றான். டாக்டர் அவன் பானைக்குத்தான் மீசை இல்லாத குறை என்று சொல்லி, நிஜமாகவே ஒன்று செய்து ஒட்டினார்.

சொதப்பல் மட்டும் தன் கோணல் கிண்ணத்தை மறுபடியும் உருண்டையாக்கப் போனான். டாக்டர் அவன் கையைப் பிடித்தார். அவன் முகம் தொங்கியிருந்ததைக் கவனித்திருக்கிறார். என்ன விஷயம் என்று கேட்டு, மோதிர விஷயம் முழுவதையும் அவன் வாயிலிருந்து வாங்கிவிட்டார். தப்பான நம்பருக்கு அனுப்பியதற்கு அவன் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தான்.

“நான் எங்க போனாலும் எல்லாரும் வாயை மூடிக்கிறாங்க தம்பி. விசேஷத்துல என் பக்கத்துல ஒருத்தன் உக்காந்து சாப்பிட மாட்டான். டேய், ஒழுங்கா வந்து சேருன்னு என்னை யாரும் கூப்பிட்டதே இல்ல. பனியன் தேடி பீரோவையே கொட்டிட்டேன்.”

அந்தக் கிண்ணத்துக்கு ஒரு மூடி வேண்டும் என்றார். வாய் கோணல், உருண்டை மூடி உட்காராது என்று சொல்லித் தருகிற அம்மா எடுத்துச் சொன்னாள். வாய் கோணலாக இருப்பவர்களுக்குத்தான் அவர் தினமும் பல் கட்டுகிறார். மண்ணைத் தட்டையாக்கி, கிண்ணத்தின் விளிம்பில் அழுத்தி அளவெடுத்தார். விளிம்பில் கலர்ப் பொடி தடவி, மூடியை வைத்து எடுத்து, பொடி ஒட்டின மேடுகளை மட்டும் மரக்குச்சியால் இழைத்து இழைத்துச் சரி செய்தார். ஒவ்வொரு தடவையும் கிண்ணத்தைப் பார்த்து, “கடிச்சுப் பாரு, உசரமா இருக்கா?” என்று கேட்டார். கடைசியில் மூடி க்ளுக் என்று உட்கார்ந்தது. சும்மா இழுத்தால் வராது. கீழ்த்தாடையான கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, மேல்தாடையான மூடியைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி, பிறகு தூக்க வேண்டும். சொதப்பலைத் திரும்பத் திரும்ப அதைச் செய்ய வைத்துப் பழக்கினார். மூடியைத் தூக்கும்போதெல்லாம் அவர் ‘ஆ’ என்றார், இவனும் ‘ஆ’ என்றான்.

கிண்ணம் காய்ந்து, சூளையில் சுட்டு வந்தது. மோதிரம் இதில்தான் வர வேண்டும் என்று பெண்ணின் அப்பா ஒற்றைக் காலில் நின்றார். சம்பந்தி பேச்சை அக்கா தட்டவில்லை. ஆனால் கொடுத்த வாக்கையும் மாற்றவில்லை. எடுத்து வருகிறவன் சித்தப்பா பையன்தான்.

கல்யாணத்தன்று சொதப்பல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். மேடையில் சித்தப்பா பையன் கோணல் கிண்ணத்தைப் பத்திரமாக, கீழே போடாமல், கொண்டுபோய் நீட்டினான். திறந்தான். வரவில்லை. இழுத்தான். நெற்றியில் வேர்த்தது. மாப்பிள்ளை வாங்கி முயன்றான், பெண் முயன்றாள். அக்கா கொண்டை ஊசியை எடுத்துக்கொண்டு வந்தாள். டாக்டர் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு, இதற்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை என்பது போல மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா அவரைப் பார்த்தாள். பிறகு ஹாலின் கடைசி வரைக்கும் பார்த்தாள். ஊசியைக் கொண்டையிலேயே செருகிக்கொண்டாள்.

“டேய் சொதப்பல், வந்து தொலைடா. உன் வேலைதான் இது.”

அவன் ஓடின ஓட்டத்தில் ஒரு நாற்காலி கவிழ்ந்தது. மேடை ஏறி மாப்பிள்ளை பக்கத்தில் நின்றான். கிண்ணத்தைக் கையில் வாங்கினான். கீழ்த்தாடை, இடப்பக்கம்.  முன்வரிசையைப் பார்த்தான்.

“ஆ” என்றார் டாக்டர்.

“ஆ” என்றான் சொதப்பல். அவனைப் பார்த்து மாப்பிள்ளையும் ‘ஆ’ என்றான், பெண்ணும் ‘ஆ’ என்றாள், மீசைக்கார மாமாவும் ‘ஆ’ என்றான், என்ன ஏது என்று தெரியாமலே மொத்த ஹாலும் சொல்லிற்று. மூடி க்ளுக் என்று வந்தது. போட்டோக்காரர் அந்த நொடியைத்தான் பிடித்திருக்கிறார். படத்தில் மோதிரம் சொதப்பல் கையில் பத்திரமாக இருக்கிறது. அக்கா உட்பட வாயை மூடினவர்கள் ஒருவரும் இல்லை. மாப்பிள்ளையின் மேல்வரிசைக் கடைவாயில் புதிதாக அடைத்த பல் பளிச்சென்று தெரிகிறது.