டம்ளர் இல்லாத தண்ணீர்ப்பந்தல்

கட்சி என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ள, அந்த மாசி மாதம் பூராவும் சென்னய்யா அருப்புக்கோட்டைக்கும் பனையேந்தலுக்கும் அலைந்தார். அத்தனை நேரம் தறியில் உட்கார்ந்திருந்தால் ஒரு கல்யாணத்துக்கு வேண்டிய சேலைகளை நெய்து இறக்கியிருக்கலாம். அதை அவர் மனைவி வெங்கடம்மாள் வீட்டுக் கன்னடத்தில் தினமும் சொல்லிக் காட்டினாள். சுயராஜ்யம் வாசல் வரைக்கும் வந்துவிட்ட நேரத்தில் சேலைக் கணக்கு பேசுகிறாளே என்று அவருக்கு எரிச்சலாக வரும்.

யுத்தம் முடிந்த மறு வருஷம். தேர்தல் அறிவித்திருந்தார்கள். வரி கட்டுகிறவனுக்கும் எழுதப் படிக்கத் தெரிந்தவனுக்கும்தான் ஓட்டு. திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் கிராமங்களுக்கு ஆள் வேண்டும் என்று டவுன் கமிட்டித் தலைவர் காசிராஜன் தேடியபோது சென்னய்யா அகப்பட்டார். காசிராஜன் பருத்திக் கமிஷன் கடை வைத்திருந்தவர். வெயிலில் நின்றாலும் வேர்க்காத மனிதர்.

"பனையேந்தல்ல ஊருன்னு ஒண்ணு, சேரின்னு ஒண்ணு. நீ ரெண்டுலயும் சேராத நெசவாளி. பொது ஆளு. உன்ன மாதிரி ஒருத்தன்தான் ரெண்டு பக்கமும் போயி வர முடியும்," என்றார்.

பொது ஆள் என்று சொன்னது சென்னய்யாவுக்கு மாலை போட்ட மாதிரி இருந்தது. இரண்டு பக்கத்து அடியும் பொது ஆளுக்குத்தான் விழும் என்பது அந்த நல்ல மனிதருக்குத் தோன்றவே இல்லை.

பெட்ரோலுக்குப் பதில் கரி போட்டு ஓட்டிய பஸ்ஸில் பாதி தூரம் போய், மீதியை நடந்து பனையேந்தலுக்குப் போனார். ஊருக்குள் பேசினார். அப்புறம் சேரிக்குள் போய் வேப்பமரத்தடியில் பேசினார். வெள்ளைக்காரன் போனதும் எல்லாரும் சமம் என்று குரலை உயர்த்தி முடித்தபோது, கூட்டத்தின் ஓரத்தில் இருந்த பேச்சி எழுந்தாள். ஊர்ப் பெரிய சம்சாரி நல்லமுத்துவின் புஞ்சையில் பருத்தி எடுக்கிறவள்.

"ஐயா, எல்லாரும் சமம்னு சொன்னீக. நான் ஊருணிப் படியில எறங்கி ஒரு கொடம் மோந்தா, உங்க கட்சி யாரு பக்கம் நிக்கும்?"

அந்தப் பக்கத்து ஊர்களை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். பனையேந்தலில் குடிக்கிற தண்ணீர் என்றால் ஊருணித் தண்ணீர்தான். சேரிக் கிணறு உப்பு. அதுவும் மாசியிலேயே அடித்தரை தெரிந்துவிடும். ஊருணிப் படியில் ஊர்ப் பெண்கள் இறங்கலாம். சேரிப் பெண்கள் கரையில் குடத்தை வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். படியேறி வருகிற யாராவது மனசு இரங்கித் தன் குடத்திலிருந்து சாய்த்தால் உண்டு. அப்படிக் காத்துக் கிடந்து பேச்சி வெயில் ஏறிப் பருத்திக் காட்டுக்குப் போனால், "இப்பத்தான் விடிஞ்சுச்சா?" என்று நல்லமுத்து ஏசுவார். அவர் வீட்டுப் பெண்களுக்காகத்தான் அவள் காத்திருந்தாள் என்பதை அவரிடம் யார் சொல்வது?

"கேட்டுட்டு வந்து சொல்றேம்மா," என்றார் சென்னய்யா.

காசிராஜனிடம் ஓடினார். அவர் வெற்றிலையை மடித்தபடி பொறுமையாகப் பதில் சொன்னார். "ஊருக்குள்ள போயி, வளக்கத்துல கட்சி தலையிடாதுன்னு சொல்லு. சேரியில போயி, சுயராஜ்யம் வந்ததும் எல்லாம் தானா வரும்னு சொல்லு. ரெண்டும் பொய் இல்ல பாரு."

"அப்ப நெசம் எதுங்க?"

"ஓட்டு முடியட்டும், பாத்துக்கிருவம்."

சென்னய்யாவுக்கு மனசு சமாதானம் ஆகவில்லை. காரியாபட்டிச் சந்தைத் திடலில் சென்னையிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் பேசுகிறார் என்று கேள்விப்பட்டு அங்கேயும் போனார். தீண்டாமை பெரும் பாவம், அதை இன்றே ஒழிக்க வேண்டும் என்றார் பெரியவர். சென்னய்யா கை வலிக்கத் தட்டினார். சோடா குடித்துவிட்டுப் பெரியவர் தொடர்ந்தார். ஆனாலும் எதிலும் அவசரம் கூடாது, யார் மனமும் புண்படக் கூடாது என்றார். சென்னய்யா அதற்கும் தட்டினார். தட்டிய பிறகுதான் எதற்குத் தட்டினோம் என்று குழப்பம் வந்தது. இரண்டும் சரியாகத்தான் பட்டது. சேர்த்துப் பார்த்தால் ஒன்றுமே சொல்லாத மாதிரியும் இருந்தது.

"அந்தப் பொம்பளைக்கு என்ன சொல்றதுங்க?" என்று மறுபடியும் போய் நின்றபோது காசிராஜன் யோசித்தார். அவருக்கு யோசனை வந்தால் முகம் மலரும். மலர்ந்தது.

"பந்தல் போடுவம். தண்ணிப்பந்தல். ஊருக்கும் சேரிக்கும் நடுவுல, ரோட்டு மேல."

தண்ணீர்ப்பந்தல் அந்தப் பக்கத்தில் புதிது அல்ல. கோடை பிறந்தால் யாராவது புண்ணியவான் போடுவார். ஊர்க்காரருக்கு டம்ளரில் கொடுப்பார்கள். சேரிக்காரருக்கு மூங்கிலைப் பிளந்து சாய்த்து வைத்து, அதன் மறுமுனையில் கையேந்திக் குடிக்கச் சொல்வார்கள். புண்ணியத்திலும் ஒரு மூங்கில் நீளம் தள்ளி நிற்க வேண்டும்.

"நம்ம பந்தல்ல மூங்கிலும் கெடையாது, டம்ளரும் கெடையாது," என்றார் காசிராஜன். "யாரு வந்தாலும் கையிலதான் ஊத்தணும். மேல எட்ட இருந்து ஊத்து. எல்லாரும் சமம்னு சேரியில சொல்லிக்கலாம். யாரும் எதையும் தொடலைன்னு ஊர்ல சொல்லிக்கலாம். வாயத் தெறந்து ஒண்ணும் பேச வேண்டாம்."

சென்னய்யாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எப்பேர்ப்பட்ட மூளை என்று வியந்துபோனார். பேச்சிக்குச் சொல்லப் பதில் கிடைத்துவிட்டது என்று நம்பினார்.

"நீங்க ஊத்துறது இருக்கட்டும். அவ கேட்டது இதுதானா?" என்று வெங்கடம்மாள் தறி நாடாவுக்கு நூல்தார் சுற்றிக்கொண்டே கேட்டாள். அரசியல் தெரியாதவளோடு என்ன பேசுவது என்று அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

பந்தல் எழுந்தது. கீற்று வேய்ந்து, மணல் பரப்பி, பெரிய பானைகளை வரிசையாகப் புதைத்தார்கள். ஊருணியில் இறங்கித் தண்ணீர் சுமக்கிற வேலையும் சென்னய்யாவுக்கே வந்தது. நெசவாளி இறங்குவதில் ஊருக்கு ஆட்சேபம் இல்லை. வழிப்போக்கர்கள் குடித்தார்கள். சேரி ஆட்கள் வந்து கையேந்தினார்கள், குடித்தார்கள். மூங்கில் இல்லாததைப் பார்த்து ஒரு கிழவர் சுற்றுமுற்றும் தேடினார்.

உச்சி வெயிலில் நல்லமுத்து வந்தார். பனையேந்தலில் அவர் காட்டுகிற பெட்டியில்தான் ஓட்டு விழும். சென்னய்யா பணிவாகச் செம்பைத் தூக்கினார்.

நல்லமுத்து தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "டம்ளர் எங்க செட்டியாரே?" என்று சென்னய்யாவைக் கேட்டார்.

"யாருக்குமே இல்லீங்க."

"யாருக்கும் இல்லைன்னா எனக்கும் இல்லையா?"

இதற்கு என்ன பதில் என்று காசிராஜன் சொல்லிக் கொடுக்கவில்லை. சென்னய்யா செம்பைத் தூக்கியபடியே நின்றார். நல்லமுத்து குடிக்காமல் போய்விட்டார். சற்று நேரத்தில் அவர் வீட்டு வெண்கலச் செம்பு வந்தது. அதில் ஊற்றி வைத்தால் அவர் குடிப்பாராம். சொந்தப் பாத்திரத்தில் ஊற்றக் கூடாது என்று கட்சி சொல்லியிருக்கிறதா? சொல்லவில்லை. சென்னய்யா ஊற்றினார். மறுநாள் ஊர்க்காரர்கள் எல்லாரும் கையில் செம்போடு வந்தார்கள்.

அதற்கு மறுநாள் பேச்சி வந்தாள். இடுப்பில் மண்குடம்.

"அவுக பாத்திரத்துல ஊத்துனீக. இது என் பாத்திரம். ஊத்துங்க," என்றாள்.

சென்னய்யா ஊர்க்காரர் ஒருவர் வைத்திருந்த செம்பையும் பேச்சியின் குடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். செம்பு சின்னது, குடம் பெரியது. அதைத் தவிர வேறு வித்தியாசம் அவருக்குத் தட்டுப்படவில்லை. ஊற்றினார். குடம் நிரம்ப நிரம்ப அவருக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியது. பேச்சி அதை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். மறுநாள் காலையில் பந்தலைச் சுற்றிச் சேரிக் குடங்கள் நின்றன.

சென்னய்யா ஊருணிக்கும் பந்தலுக்கும் நடந்து தோள் கன்றிப்போனார். ஊற்ற ஆள் ஒருவர்தான் என்பதால் பெண்கள் அங்கேயும் காத்துக் கிடந்தார்கள். நல்லமுத்து நேரே அருப்புக்கோட்டைக்கு வண்டி கட்டிக்கொண்டு போனார்.

"ஊருணித் தண்ணி சேரிக்குப் போகுது. எங்க ஓட்டு எங்க போகும்னு யோசிச்சுக்கோங்க," என்றார்.

காசிராஜன் அவரை உட்கார வைத்து மோர் கொடுத்து, "ஓட்டு முடியுற வரைக்கும் பொறுத்துக்கோங்க, அப்புறம் பந்தலே இருக்காது," என்றார். அன்று சாயங்காலமே சென்னய்யாவைப் பார்த்து, "சேரியில நல்ல பேரு வந்திருக்காமே, விடாம ஊத்து," என்று தட்டிக்கொடுத்தார்.

கட்சி ஜெயித்தது. ஊரில் விழ வேண்டியது ஊரில் விழுந்தது. சேரியில் ஓட்டு இருந்த சிலரும் போட்டார்கள்.

ஜெயித்த செய்தி வந்த மறுநாள் சென்னய்யா பனையேந்தலுக்குப் போனபோது பந்தல் இல்லை. கீற்றையும் கம்பையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மணலில் பானைகள் இருந்த பள்ளங்கள் மட்டும் கிடந்தன. அந்தப் பள்ளங்களைச் சுற்றிச் சேரிப் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். ஒருத்தியும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"வாங்கம்மா, வாங்க. ஊருணிக்கே போவம். நான் மோந்து ஊத்துறேன்," என்று முன்னால் நடந்தார்.

ஊருணிக் கரையில் வேறொரு கூட்டம் நின்றது. காசிராஜன் மாலையும் கழுத்துமாக நன்றி சொல்ல வந்திருந்தார். கரை மேலிருந்த அய்யனாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, நல்லமுத்துவும் ஊர்க்காரர்களும் சூழ அவர் திரும்பிய நேரத்தில், குடங்களோடு சேரி வந்து எதிரில் நின்றது. பின்னாலேயே ஆண்களும் வந்துவிட்டார்கள். கொட்டு அடித்துக்கொண்டிருந்தவர்களின் கை தானாக நின்றது.

சென்னய்யா பேச்சியின் குடத்தை வாங்கக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"ஐயா, அன்னைக்கு நான் உங்ககிட்ட என்ன கேட்டேன்?"

"தண்ணி கேட்டியம்மா."

"தண்ணியா கேட்டேன்? படியில எறங்குனா யாரு பக்கம் நிப்பீகன்னு கேட்டேன். அவுக ஊத்துற வரைக்கும் காத்துக் கெடந்தேன். அப்புறம் நீங்க ஊத்துற வரைக்கும் காத்துக் கெடந்தேன். இன்னைக்கு ஊத்துவீக. நாளைக்கு உங்களுக்குத் தறி இருக்கு, வீடு இருக்கு. நான் யாருக்காகக் காத்துக் கெடக்க?"

சென்னய்யாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இத்தனை நாள் தோள் கன்றச் சுமந்தது என்ன என்றே அவருக்கு விளங்காமல் போயிற்று.

பேச்சி முதல் படியில் காலை வைத்தாள்.

"காசிராஜன்," என்றார் நல்லமுத்து. சத்தம் போடவில்லை. "உங்க கட்சி இதுக்கு என்ன சொல்லுது?"

"ஆமாங்கய்யா, சொல்லுங்க. நாங்களும் கேட்டுக்கிறம்," என்றது சேரிக் கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

காசிராஜன் இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். ஒரு பக்கத்துக்குச் சொல்ல வேண்டியது அவரிடம் இருந்தது. மறுபக்கத்துக்குச் சொல்ல வேண்டியதும் இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே கரையில் நின்று கேட்டால் சொல்லத்தான் எதுவும் இல்லை. நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. மாலையை ஒதுக்கிவிட்டுத் துடைத்துக்கொண்டார்.

"சென்னய்யா," என்றார். "நீதானப்பா இங்க கட்சி. நீயே சொல்லு."

அத்தனை கண்களும் திரும்பின. கட்சி என்ன சொல்கிறது என்று ஒரு மாதமாக ஊர் ஊராகக் கேட்டலைந்தவரிடம், கட்சி என்ன சொல்கிறது என்று கட்சியே கேட்டது. சென்னய்யாவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. தீண்டாமை பாவம் என்பது ஞாபகம் வந்தது. அவசரம் கூடாது என்பதும் ஞாபகம் வந்தது. ஊர்க்காரர்கள் பகையானால் நாளைக்கு இந்தப் பக்கம் தலை காட்ட முடியாது என்று பயம் வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் இறங்கினார்.

தான் இறங்குகிறோம் என்பதே மூன்றாவது படியில்தான் அவருக்குத் தெரிந்தது. பேச்சி அதற்குள் கீழே போயிருந்தாள். அடிப்படியில் ஊர்ப் பெண் சங்கரம்மாள் பாதி நிரம்பிய குடத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்து போகவும் இல்லை, நகர்ந்து இடம் விடவும் இல்லை. மிச்சமிருந்த இடத்தில் பேச்சி ஒடுங்கி உட்கார்ந்தாள். குடத்தைத் தண்ணீரில் சாய்க்கத் தெரியாதவள் போலத் திணறினாள். ஊருணிக்குள் இறங்கி அதன் தண்ணீரை வாழ்நாளில் முதல் தடவையாகத் தொட்டாள்.

சென்னய்யா குனிந்து குடத்தின் கழுத்தைப் பிடித்தார்.

"விடுங்க," என்றாள் பேச்சி. "நீங்க ஊத்த வேண்டாம். சும்மா பக்கத்துல நில்லுங்க."

அவர் கையை எடுத்துக்கொண்டார். மேலே கரையில் யாரோ கத்தினார்கள். யாரோ ஓடுகிற சத்தம் கேட்டது. கல் எடுக்கிறார்களா, இறங்கி வருகிறார்களா, காசிராஜன் ஏதாவது சொல்லிவிட்டாரா என்று எதுவும் தெரியவில்லை. திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. குடத்துக்குள் தண்ணீர் இறங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, கரைக்கு முதுகைக் காட்டியபடி, அது நிறைகிற வரைக்கும் நின்றார்.