இருபத்திரண்டு நாள்

“வழியில என்னங்க பாப்பீங்க?”

“ரோட்டத்தான். முன்னாடி போற லாரியோட முதுகை. வேற என்ன இருக்கு?”

“மலை, ஆறெல்லாம் வருமில்ல?”

“வரும். உன்னையும் ஏத்திட்டுப் போகலாம். ஆனா உன் பிள்ளைங்களுக்கு யாரு தண்ணி ஊத்துவா?”

கல்யாணமான மூன்றாம் மாதம் நாங்கள் பேசிக்கொண்டது. பிள்ளைகள் என்று அவர் சொன்னது, வாசலில் தொட்டிகளில் நின்ற பதினெட்டு ரோஜாச் செடிகளை. எங்கள் ஊர் வெயிலுக்கு ஒரு நாள் தண்ணீர் தவறினால் தலையைத் தொங்கப்போட்டுவிடும். அவர் சிரித்தார். நானும் சிரித்து, கேட்க வந்ததை விழுங்கிவிட்டேன்.

ஒன்பது வருடம் அது தொண்டையிலேயே நின்றது. லோடு ஏற்றிக் கிளம்பினால் அவர் திரும்ப இருபத்திரண்டு நாள். லாரியில் பக்கத்து சீட்டில் அவருடைய துண்டும் தண்ணீர்க் கேனும் ஊர் சுற்றும். நான் வாளியோடு வாசலில் நிற்பேன்.

போன வருடம் நேராக நர்சரிக்குப் போனேன்.

“பூக்கணும். ஆனா என்னை எதிர்பாக்கக் கூடாது. எதுக்கெடுத்தாலும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது” என்றேன்.

நர்சரிக்கார அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். “செடி தேடி வந்தியா, மாமியார் தேடி வந்தியா?”

சிரித்து முடித்ததும் காகிதப்பூ, சோற்றுக் கற்றாழை, அரளி என்று எடுத்து வைத்தார். அடி பெருத்த பாலைவன ரோஜா ஒன்றை மட்டும் மணலும் சரளையும் கலந்த மண்தொட்டியில் தந்தார். “மத்ததைத் தரையில வை. முதல்ல நல்லா ஊத்தி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுக்கிட்டே வா. வேர் தானா ஆழம் தேடிப் போகும்.”

ரோஜாக்களை எதிர் வீட்டு அக்காவிடம் கொடுத்தேன். தினம் ஊற்றியது வாரம் ஒரு முறையானது. பிறகு பத்து நாள், பதினைந்து நாள். இந்த முறை அவர் கிளம்பியதும் கடைசிப் பரீட்சை வைத்தேன். இருபத்திரண்டு நாளும் சொட்டுத் தண்ணீர் கிடையாது. கை பரபரக்கும் என்று ஹோஸ் குழாயையும் அக்கா வீட்டிலேயே போட்டுவிட்டேன். காலண்டரில் தினமும் ஒரு கோடு. காகிதப்பூ முன்னைவிட அதிகமாகப் பூத்துத் தள்ளியது.

பத்தொன்பதாம் நாள் காலை, வாசலில் வாளிச் சத்தம். ஓடினேன். சொன்ன நாளுக்கு முன்பே வந்துவிட்டவர், பாலைவன ரோஜாவின் தலையில் நாலாவது வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயோ! என்னங்க பண்றீங்க?”

“கற்றாழையெல்லாம் சுருங்கிக் கிடக்கும்மா. மண்ணு காஞ்சு வெடிச்சிருக்கு. நீ தண்ணி ஊத்தாம விட்டிருக்கேன்னா உடம்புக்கு என்னமோன்னு பயந்துட்டேன்.” சட்டைகூட மாற்றவில்லை.

கோபம் பாதியில் நின்றது. ஆனால் செடி நிற்காது, வேர் அழுகிவிடும். மண்தொட்டியைச் சாய்த்து, செடியை உருவி, ஈர மண்ணை உதறி, நிழலில் காகிதத்தின் மேல் கிடத்தினேன்.

“நல்லது செய்யப் போய் கொன்னுட்டேனா?”

“பிழைச்சுக்கும். நாலு நாள் காயட்டும், திரும்ப நட்டுடலாம். இனிமே நீங்க வாளியைத் தொடாதீங்க.”

“இதுக்கு அந்த ரோஜாவே தேவலாமே. எதுக்கு இந்தப் பாடு?”

மூன்று நாள் பாக்கி இருந்தது. இன்னொரு பரீட்சைக்கு என்னிடம் பொறுமை இல்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

“பத்தொன்பது நாளா நான் ஊத்தல. ஒண்ணுகூட சாகல, பாருங்க. யாரு தண்ணி ஊத்துவான்னு அன்னைக்குக் கேட்டீங்கல்ல?”

அவர் செடிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அடுத்த லோடுக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்க.”