முகம் பார்க்கும் மாதம்

புஷ்பவல்லிக்குத் தலைமுடி கொட்டத் தொடங்கியபோது அவள் குழந்தை இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் கடைசி வரிசையில் அவள் வீடு. காலையில் சீப்பை எடுத்தால் கொத்துக் கொத்தாக வந்தது. தலையணையில் கிடந்தது, சோற்றிலும் கிடந்தது. அதைப் பற்றி அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. தலைக்குக் குளிப்பதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

பால் குடிக்கும்போதெல்லாம் பிள்ளை அவள் முடியைத்தான் விரல்களுக்குள் இறுக்கிக்கொண்டிருப்பான். காய்ச்சலும் இழுப்பும் வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய அன்றுகூட, நர்சு அந்தப் பிடியை விடுவித்துத்தான் அவனை வாங்கிக்கொண்டாள். கழுவினால் இருக்கிற முடியும் போய்விடும் என்று அவளுக்குப் பயம்.

அவள் கணவன் பக்கிரிசாமி ரயில் பெட்டிகளைக் கோக்கிற வேலையில் இருந்தான். பேச்சுக் குறைந்தவன். மனைவியின் துக்கத்துக்கு என்ன செய்வதென்று தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தவனுக்கு, முடி கொட்டுவதற்காவது ஏதாவது செய்யலாம் என்று பட்டது.

"கிள்ளான்லேருந்து வந்து கௌஸ் பாய்னு ஒருத்தர் புதுசா கடை போட்டிருக்காரு. தலைக்குப் போடுற ஷாம்பு எல்லாம் இருக்காம். வா புஷ்பம், நீயே பார்த்து வாங்கு."

கடையில் கௌஸ் பாய் இல்லை. அவர் மனைவி காத்தூன் பீவிதான் இருந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "பொடுகா தங்கச்சி, இல்ல கொட்டுதா?" என்று கேட்டாள்.

"கொட்டுதுக்கா."

காத்தூன் பீவி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ரோஜா வாசனை போட்ட தூள் ஒன்று. முழங்கால்வரை கூந்தலை விரித்துப் போட்ட வெள்ளைக்காரியின் படம் ஒட்டிய புட்டி ஒன்று. தார் வாடை அடிக்கும் இன்னொன்று பொடுகுக்காம். புஷ்பவல்லி எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்துத் தள்ளி வைத்தாள்.

"வாசனையே இல்லாததா ஏதும் இருக்கா?"

"எல்லாரும் வாசனையத்தானே கேக்குறாங்க." அடித்தட்டிலிருந்து முட்டை கலந்த வெறும் தூள் பொட்டலம் ஒன்றை எடுத்தாள். "வெதுவெதுன்னு தண்ணியில கரைச்சு, நகம் படாம தேய்க்கணும். ஆனா இது போட்டா முடி நின்னுரும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். அழுக்குத்தான் போகும். கொட்டுறது உள்ளுக்குள்ள இருக்குற விசயம்." அவளை மேலும் கீழும் பார்த்தாள். "பிள்ளை பெத்த உடம்பா?"

புஷ்பவல்லி தலையை ஆட்டினாள்.

"எத்தனை மாசம்?"

"நாலு."

"அதான் பார்த்தேன். பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பிச்சா தாய்க்கு முடி கொட்டும். எனக்கு அஞ்சு பிள்ளைக்கும் அப்படித்தான். சிரிக்கிறானா?"

வாசலில் நின்றிருந்த பக்கிரிசாமி அவசரமாக உள்ளே வந்தான். அதற்குள் புஷ்பவல்லி, "சிரிக்கிறான்கா" என்றாள்.

"ஒங்களைப் பார்த்தா, இவரைப் பார்த்தா?"

"இவரைப் பார்த்தாத்தான் ரொம்ப."

பக்கிரிசாமி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இப்ப யாருகிட்ட விட்டுட்டு வந்தீங்க?"

புஷ்பவல்லி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். பக்கிரிசாமி மெல்லச் சொன்னான்: "தூங்குறான். பக்கத்து வீட்டுல பார்த்துக்கிறாங்க."

பிள்ளைக்கு வயிறு வலித்தால் சுட்டு உரசிக் கொடுக்கச் சொல்லி, காத்தூன் பீவி ஒரு துண்டு வசம்பையும் காகிதத்தில் மடித்துச் சும்மாவே கொடுத்தாள்.

பாதி வழியில் அவள், "நான்தான் புத்தி கெட்டுப் போய்ச் சொன்னேன். நீங்க ஏன் சொன்னீங்க?" என்றாள்.

"நீ அப்படிச் சிரிச்ச முகமா பேசி ரொம்ப நாளாச்சு புஷ்பம்."

மறுநாள் அவனே வெந்நீர் வைத்தான். இரும்பு பிடித்துக் காய்த்துப்போன கைகள். அந்தக் கைகளால் நுரையை அள்ளி, விரல் நுனியால் மட்டும் தேய்த்தான். விரல் இடுக்குகளிலெல்லாம் முடி ஒட்டிக்கொண்டு வந்தது. அவள் அதைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இருந்திருந்தா இந்த மாசம் சிரிச்சிருப்பான்ல?"

தண்ணீர் ஊற்றுவது நின்றுபோனது. அவள் திரும்பிப் பார்த்தபோது அவன் குவளையைப் பிடித்தபடியே அழுதுகொண்டிருந்தான். ஆஸ்பத்திரியிலும் அழாதவன், மண்ணைத் தள்ளும்போதும் அழாதவன்.

பொட்டலம் தீர்ந்த பிறகு அவள் அந்தக் கடைப்பக்கம் போகவில்லை. போனால் காத்தூன் பீவி பிள்ளையைப் பற்றிக் கேட்பாள். இன்னும் என்னென்ன சொல்ல வேண்டியிருக்குமோ என்று பயந்தாள்.

ஒரு நாள் காத்தூன் பீவியே புதுப் பொட்டலத்தோடு வாசலில் வந்து நின்றாள். குடியிருப்புப் பெண்கள் யாரோ கடைக்குப் போன இடத்தில் விசயத்தைச் சொல்லியிருக்கிறார்கள்.

"தெரியாம கேட்டுட்டேன் தங்கச்சி" என்றாள்.

"இல்லக்கா. நீங்க கேட்டதாலதான் அவன் ஒரு தடவையாவது சிரிச்சான்."

காத்தூன் பீவி உள்ளே வந்தாள். புஷ்பவல்லியின் பின்னால் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்துச் சிக்கெடுத்தாள். "பேரு என்ன வச்சீங்க?" என்று கேட்டாள். பிள்ளை போனதிலிருந்து அவன் பெயரை யாரும் கேட்டதில்லை, சொன்னதும் இல்லை.

"விஜயன்" என்றாள் புஷ்பவல்லி.

ஆடி மாதம் பிறந்தபோது முடி கொட்டுவது நின்றது. நெற்றியோரத்தில் குட்டை குட்டையாகப் புது முடி எழும்பியது. குழாயடியில் எல்லாரும் அந்தத் தூளைத்தான் புகழ்ந்தார்கள். உடம்பு ஆறிவிட்டது, இனி அடுத்த பிள்ளைக்குப் பார்க்கலாம் என்றாள் ஒருத்தி. புஷ்பவல்லி குடத்தை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். பிள்ளையைப் புதைத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. வேலை முடிந்து வந்த பக்கிரிசாமி, பிள்ளையின் விரல் படாத அந்தப் புது முடியைப் பார்த்தான். பிறகு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டான்.